மணிக்கு இரண்டு மில்லிமீட்டர்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் தலைமாட்டில், ஒரு கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்ட சிரிஞ்சு பம்புகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஒன்றில் 50 மில்லி சிரிஞ்சில் நார்அட்ரினலின் மருந்தை ஏற்றி, மணிக்கு 1 மில்லி வீதம் செலுத்துமாறு வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். பரவலாகப் புழங்கும் ஒரு 50 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் ஏறத்தாழ 26.7 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு மில்லி மருந்து வெளியேற அதன் பிளஞ்சர், அதாவது மருந்தைத் தள்ளும் தண்டு, 1.8 மில்லிமீட்டர் நகர வேண்டும். ஒரு மணி நேரம் முழுவதும் ஓடி அது கடக்கும் தூரம் ஓர் அரிசிமணியின் அகலம்தான். ஒரு நிமிடத்தில் கடப்பது ஒரு தலைமுடியின் பருமனுக்கும் குறைவு. கண்ணுக்கு அது அசையாமல் நிற்பதுபோலவே தெரியும். ஆனால், உடலில் நார்அட்ரினலினின் அளவு பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடங்களே போதும் என்பதால், அந்தத் தெரியாத அசைவு சிறிது நேரம் தடைபட்டாலும் நோயாளியின் இரத்த அழுத்தம் சரியத் தொடங்கிவிடும்.

இத்தகைய கருவிகளின் வடிவமைப்பைப் பற்றிப் பேசும்போது மோட்டார், மென்பொருள், புதுவகை பிளாஸ்டிக் ஆகியவற்றின் பக்கமே பேச்சு போகிறது. அவை முக்கியமானவைதாம். ஆயினும் கதீட்டர் (உடலுக்குள் நுழைக்கும் மெல்லிய குழாய்), சிரிஞ்சு பம்ப், அவற்றை இணைக்கும் குழாய்கள் ஆகியவற்றின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், உயிர் காத்த மாற்றங்களும் உயிர் பறித்த பிழைகளும் பெரும்பாலும் ஒரு பொருள் இன்னொன்றைத் தொடும் இடத்தில்தான் நிகழ்ந்திருக்கின்றன: சிரிஞ்சு மோட்டாரைத் தொடும் இடம், விரல் எண்ணைத் தொடும் இடம், ஒரு முனை இன்னொரு முனையில் நுழையும் இடம், குழாய் சதையைத் தொடும் இடம். இக்கட்டுரை அந்த இடங்களைப் பற்றியது.

பம்பிலிருந்தே தொடங்கலாம். அதன் உள்ளமைப்பு எளிமையானது. சிறுசிறு அடிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று நீண்ட திருகுத்தண்டைச் சுழற்றுகிறது. திருகின்மேல் ஊர்ந்து செல்லும் ஒரு கட்டை பிளஞ்சரின் தலையை முன்னோக்கித் தள்ளுகிறது. இரும்புப் பட்டறையில் வைஸைத் திருகி இறுக்குவதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை. மோட்டாரும் திருகும் மைக்ரான் கணக்கில் துல்லியமாக இயங்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். தள்ளும் கட்டைக்கும் பிளஞ்சரின் தலைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், மணிக்கு 1.8 மில்லிமீட்டர் வேகத்தில் அதைக் கடக்கவே பல நிமிடங்கள் ஆகும். திரையில் பம்ப் ஓடுவதாகக் காட்டும். ஒரு துளி மருந்தும் வெளியே போயிருக்காது. இதற்கு மேல், பிளஞ்சரின் நுனியிலுள்ள ரப்பர் உடனே நகர்ந்துவிடாது. முதலில் அமுங்கி, ஒட்டிக்கொண்டு நின்று, அழுத்தம் போதிய அளவு ஏறிய பிறகு திடீரென்று வழுக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்கக் குறைக்கச் சீரான ஓட்டம் மறைந்து, நின்று நின்று துளிகளாக வரும் ஓட்டமாக மாறிவிடுகிறது.

இதனால்தான் அனுபவமுள்ள செவிலியர்கள் சிரிஞ்சைப் பொருத்தியதும் குழாயை நோயாளியுடன் இணைத்துவிடாமல், மருந்தை வேகமாக முன்தள்ளும் பர்ஜ் பொத்தானை அழுத்தி, குழாயின் மறுமுனையில் ஒரு துளி எட்டிப் பார்க்கும்வரை காத்திருக்கிறார்கள். அந்த ஒரு துளிதான் இயந்திரத்தின் தளர்வு முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கான சான்று. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பு இதே பிரச்சினையைப் பற்றியதுதான்: மணிக்கு 5 மில்லிக்குக் குறைவாக, குறிப்பாக 0.5 மில்லிக்கும் குறைவாகச் செலுத்தும்போது சிரிஞ்சு பம்புகளில் ஓட்டம் தடைபடக்கூடும் என்று அது எச்சரித்தது. அதில் சொல்லப்பட்ட யோசனைகளில் ஒன்று, தேவைக்கு ஏற்ற மிகச்சிறிய சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள் என்பது. இது மேலோட்டமான அறிவுரைபோல் தோன்றலாம்; கணக்குப் போட்டால் அதன் பொருள் விளங்கும். 10 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் சுமார் 14.5 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிக்கு பிளஞ்சர் 6 மில்லிமீட்டர் நகரும். மருந்தின் அளவு அதேதான். ஆனால் இயந்திரத்துக்கு மூன்று மடங்குக்கு மேல் நீளமான பாதை கிடைக்கிறது, அதே அளவு தளர்வு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையையே உண்டாக்குகிறது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இந்த வேறுபாடு வெறும் கணக்காக நின்றுவிடுவதில்லை.

பம்ப் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் இதே வகைச் சிக்கலை உண்டாக்கும். நோயாளியை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோகும்போது, கம்பத்தில் இருந்த பம்பைக் கழற்றிக் கட்டிலில் அவர் காலருகே வைத்துவிடுவது எங்கும் நடப்பதுதான். பம்ப் 50 சென்டிமீட்டர் கீழே இறங்கினால், சிரிஞ்சிலுள்ள மருந்தின் அழுத்தம் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கூடுகிறது. சிரிஞ்சின் ரப்பரும் குழாயின் சுவரும் அந்த மாற்றத்துக்கு ஏற்ப விரிந்து கொடுப்பதால், குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த மருந்து சில நிமிடங்கள் அப்படியே நின்றுவிடும். திரும்ப மேலே ஏற்றும்போது நேர்மாறாக, ஒரு சிறு அளவு மருந்து ஒரே மூச்சில் உள்ளே போகும். இதைவிட மோசமானது, பிளஞ்சரின் தலை சரியாகக் கவ்வப்படாத நிலையில் சிரிஞ்சு நோயாளிக்கு மேலே இருப்பது. அப்போது மோட்டாரின் தயவே இல்லாமல், ஈர்ப்பு விசையால் மருந்து மொத்தமும் வடிந்துவிட முடியும். இன்றைய பம்புகளில் பிளஞ்சரின் தலையைப் பின்புறமிருந்தும் பிடித்துக்கொள்ளும் கொக்கியும், அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் உணரியும் இருப்பது இதற்காகத்தான். தள்ளுவதற்காக உருவான இயந்திரம், பிடித்து நிறுத்தவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அடைப்பு எச்சரிக்கையையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் கையடியில் குழாய் மடங்கிவிட்டால் பம்ப் அலற வேண்டும். அலறும், ஆனால் உடனே அல்ல. அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, குறித்து வைத்த எல்லையைத் தொட்ட பிறகுதான் அலறும். மணிக்கு ஒரு மில்லி வீதத்தில் அதற்கு அரைமணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் மருந்து பம்பிலிருந்து வெளியேறி, விரிந்த குழாயிலும் அமுங்கிய ரப்பரிலும் தேங்கி நிற்கும். செவிலியர் வந்து மடிப்பை நீக்கிய நொடியில் அந்தத் தேக்கம் முழுவதும் நோயாளிக்குள் பாயும். அரைமணி நேரம் மருந்தில்லாமல் இருந்தவருக்கு அரைமணி நேர மருந்து ஒரே வீச்சில் கிடைக்கும். அடைப்பைக் கண்டதும் மோட்டாரைப் பின்னோக்கிச் சற்றுச் சுழற்றி, தேங்கிய அழுத்தத்தை இறக்கிவிட்டு அதன் பிறகே நிற்கும் பம்புகள் வந்தது, என் பார்வையில், திரையில் வந்த எந்த மாற்றத்தைவிடவும் புத்திசாலித்தனமான திருத்தம்.

இனி எண்களுக்கு வருவோம். பிரிட்டனைச் சேர்ந்த மார்ட்டின் ரைட், மூச்சுக்காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை உருவாக்கியவர். 1970-களின் பிற்பகுதியில் அவர் கையடக்கமான ஒரு சிரிஞ்சு இயக்கியை வடிவமைத்தார். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களின் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்ஸமின் மருந்தை, தோலுக்கடியில் மணிக்கணக்கில் மெதுவாகச் செலுத்துவதற்காக அது உருவானது. விரைவிலேயே, வாய்வழி மருந்து உட்கொள்ள இயலாத இறுதிநிலை நோயாளிகளுக்கு மார்ஃபின் வகை மருந்துகளைச் செலுத்த அது பிரிட்டன் முழுவதும் பரவியது. பேட்டரியில் ஓடும், சட்டைப்பையில் வைக்கலாம், நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். வலி தணிப்பு மருத்துவத்துக்கு இந்தச் சின்னப் பெட்டி செய்த உதவி பெரிது.

அதன் வேகம் மில்லி கணக்கில் குறிக்கப்படவில்லை. மில்லிமீட்டர் கணக்கில், அதாவது பிளஞ்சர் நகரும் தூரத்தில் குறிக்கப்பட்டது. இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. சிரிஞ்சின் விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நீளத்தை அளந்து, அந்த நீளத்தை இத்தனை மணி நேரத்தில் கடக்க வேண்டும் என்று வைத்தால், எந்த நிறுவனத்தின் சிரிஞ்சாக இருந்தாலும் மருந்து குறித்த நேரத்தில் முடியும். சிக்கல், இந்தக் கருவி கிரேஸ்பி என்ற பெயரில் இரு வடிவங்களில் வந்ததில் இருந்தது. எம்.எஸ். 16 என்பது ஒரு மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிடும். எம்.எஸ். 26 என்பது 24 மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிடும். அளவும் தோற்றமும் ஏறத்தாழ ஒன்றே. முகப்பின் நிறம் ஒன்றில் நீலம், மற்றதில் பச்சை. இரண்டிலும் வேகத்தைக் குறிக்க இரண்டு இலக்கங்கள் மட்டுமே. சிறு திருப்புளியால் திருப்பி வைக்க வேண்டும்.

சிரிஞ்சில் மருந்து நிற்கும் நீளம் 48 மில்லிமீட்டர், அது ஒரு நாள் முழுவதும் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பச்சைப் பெட்டியில் 48 என்று வைக்க வேண்டும். நீலப் பெட்டியில் 02 என்று வைக்க வேண்டும். பழக்கத்தில் நீலப் பெட்டியில் 48 என்று வைத்துவிட்டால், ஒரு நாளைய மார்ஃபின் ஒரு மணி நேரத்தில் உள்ளே போய்விடும். கருவி அதைத் தடுக்காது, கேள்வியும் கேட்காது. ஏனெனில் 48 என்பது அதற்கும் செல்லுபடியாகும் எண். இத்தகைய பிழைகள் உண்மையிலேயே நிகழ்ந்தன. மில்லிமீட்டர் கணக்கில் இயங்கும் இயக்கிகளை நீக்கி, மில்லி கணக்கில் இயங்கும், பூட்டும் எச்சரிக்கையும் உள்ள கருவிகளுக்கு ஐந்தாண்டுகளுக்குள் மாற வேண்டும் என்று இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை அறிவித்தது 2010-இல்தான். அதாவது கருவி புழக்கத்துக்கு வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

அலகை மாற்றியதால் மட்டும் ஆபத்து போய்விடவில்லை. கனடாவின் எட்மன்ட்டன் நகரில் 2006-இல் நிகழ்ந்த ஒரு மரணம் இதைக் காட்டுகிறது. புற்றுநோய்க்கான ஃபுளோரோயூராசில் மருந்து, நோயாளி இடுப்பில் அணிந்துகொண்டு வீட்டுக்குப் போகக்கூடிய ஒரு பம்பின் வழியாக நான்கு நாட்களுக்குச் செலுத்தப்பட வேண்டும். சரியான வேகம் மணிக்கு 1.2 மில்லி. மருந்துப் பையின் லேபிளில் அதனுடன் 24 மணி நேரத்துக்கு 28.8 மில்லி என்றும் அச்சிடப்பட்டிருந்தது. பம்பில் ஏறியது மணிக்கு 28.8 என்ற எண். நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நோயாளி சில வாரங்களில் இறந்தார். கணக்கிட்ட செவிலியருக்கு அந்த எண் லேபிளிலேயே கிடைத்ததால், தன் கணக்கு சரி என்ற உறுதியும் கிடைத்துவிட்டது. 28.8-ஐ 1.2-ஆல் வகுத்தால் வருவது 24. நீலப் பெட்டிக்கும் பச்சைப் பெட்டிக்கும் இடையில் இருந்த அதே 24. நாளும் மணியும் ஒரே பரப்பில் அருகருகே எழுதப்பட்டால் கை எப்போதாவது ஒருமுறை தவறானதை எடுக்கும் என்பதை, இயந்திரம் மாறினாலும் நாடு மாறினாலும் மாறாத ஒன்றாகவே கொள்ள வேண்டியிருக்கிறது.

பம்புகளுக்குள் மருந்துப் பட்டியலைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு இந்த வகைப் பிழைகளுக்கான விடையாகவே வந்தது. செவிலியர் மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அந்த மருந்துக்கு இயல்பான வேகம் எது, எந்த எல்லைக்கு மேல் எச்சரிக்க வேண்டும், எந்த எல்லைக்கு மேல் மறுத்துவிட வேண்டும் என்பது பம்புக்கே தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவசரத்தில் பட்டியலைத் தாண்டிச் சென்று நேரடியாக எண்ணைப் பதிய ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கும். பட்டியலைப் புதுப்பிக்காத மருத்துவமனைகளில் அந்த வழியே ராஜபாட்டையாகிவிடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு 2005 முதல் 2009 வரை மருந்து செலுத்தும் பம்புகள் தொடர்பாக வந்த பாதிப்பு அறிக்கைகள் சுமார் 56,000. அதே காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. 2010-இல் இதை வெளியிட்டபோது நிர்வாகம் சுட்டிய காரணங்களில், ஒருமுறை அழுத்திய விசை இருமுறை பதிவாகும் கோளாறும் ஒன்று. மென்பொருள் எத்தனை நுட்பமாக இருந்தாலும், 5 என்று அழுத்தியது 55 ஆகும் விசைப்பலகைக்கு முன் அதன் நுட்பம் உதவாது.

மறுகோடியில், எண்ணை மனிதர் பதியும் வேலையையே பெரிதும் குறைத்த முயற்சியும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக 1996-இல் வந்த டிப்ரிஃபியூசர் அமைப்பில், மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் வயதையும் எடையையும், இரத்தத்தில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து எந்த அடர்த்தியில் இருக்க வேண்டும் என்பதையும் மட்டும் சொல்வார். எந்த நொடியில் எவ்வளவு செலுத்துவது என்பதைப் பம்ப் தானே கணக்கிட்டு மாற்றிக்கொண்டே இருக்கும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் ஒரு மின்னணு அடையாளம் பொருத்தப்பட்டிருந்தது. அது இல்லாத சிரிஞ்சைப் பம்ப் இந்த முறையில் ஏற்காது. சரியான மருந்து, சரியான அடர்த்தி என்பதை வாய்மொழி உறுதிக்கு விட்டுவிடாமல் பொருளின் உருவத்திலேயே வைத்த ஏற்பாடு அது.

உருவத்தில் வைப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு சிரிஞ்சின் நுனியில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் லூயர் நிறுவனம் கண்ணாடி சிரிஞ்சு ஒன்றை உருவாக்கியது. அதன் நுனி நூற்றுக்கு ஆறு என்ற சரிவில் மெல்லக் கூம்பி வரும். ஊசியின் அடிப்பகுதியும் அதே சரிவில் இருந்ததால், அழுத்திச் செருகியதும் உராய்வினாலேயே கசியாமல் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் 1898-இல் அதன் உரிமையை வாங்கியது. 1925-இல், அழுத்தம் கூடினால் ஊசி கழன்று தெறிப்பதைத் தடுக்க, கூம்பைச் சுற்றி மரை வைத்த லூயர் லாக் பூட்டு வந்தது. இன்று உங்கள் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சின் நுனியும் அதே ஆறு விழுக்காட்டுச் சரிவில்தான் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் ஊசியும் எந்த நிறுவனத்தின் சிரிஞ்சிலும் பொருந்தும். நூற்றாண்டைத் தாண்டி நிற்கும் தரப்படுத்தலின் வெற்றி இது.

அந்த வெற்றியே பிறகு வினையாகவும் வந்தது. எதுவும் எதிலும் பொருந்தும் என்றால், பொருந்தக் கூடாததும் பொருந்தும். சிரையில் செலுத்தும் குழாய், முதுகுத்தண்டில் செலுத்தும் ஊசி, வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையின் காற்றுக்குழாய் எனப் பலவும் ஒரே நுனியைப் பயன்படுத்தின. அழுத்தப் பட்டையின் காற்றுக்குழாய் சிரைக்குழாயில் செருகப்பட்டு, இரத்தத்தில் காற்று புகுந்து இறந்தவர்கள் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின் சிரையில் மட்டுமே செல்ல வேண்டிய மருந்து. தண்டுவடத் திரவத்தில் சென்றால் நரம்புகளை அடியிலிருந்து மேல்நோக்கி அழித்துக்கொண்டே போய், பெரும்பாலும் உயிரை எடுத்துவிடும். அதே நோயாளிக்கு அதே நாளில் முதுகுத்தண்டில் செலுத்த வேண்டிய இன்னொரு மருந்தும் இருப்பது வழக்கம். இரண்டும் ஒரே மாதிரி சிரிஞ்சுகளில், ஒரே தட்டில் வரும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பதினெட்டு வயது இளைஞருக்கு இந்தத் தவறு நேர்ந்தது. அவர் அடுத்த மாதம் இறந்தார். சிரிஞ்சில் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. நுனி பொருந்தியது.

இதற்குக் கிடைத்த முதல் தீர்வு, புதுக் கருவி எதுவும் இல்லாத தீர்வு. வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல், 50 மில்லி போன்ற ஒரு சிறு பையில் கரைத்து ட்ரிப்பாகத் தாருங்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2007-இல் கேட்டுக்கொண்டது. ஒரு பை மருந்தைத் தூக்கி முதுகுத்தண்டு ஊசியில் மாட்ட யாருக்கும் கை வராது, அவ்வளவுதான் தர்க்கம். நுனியையே மாற்றும் வேலை அதைவிடக் கடினமாக இருந்தது. ஐ.எஸ்.ஓ. 80369 என்ற தொடர் தரநிலைகள் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனி உருவத்தை வகுத்தன: லூயர் நுனி சிரை, தமனி, தோலடி ஊசி ஆகியவற்றுக்கு, முதுகுத்தண்டுக்கும் நரம்பு மரப்புக்கும் லூயரைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்த என்.ஆர்.ஃபிட் நுனி, வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய்க்கு இ.என்.ஃபிட் நுனி. என்.ஆர்.ஃபிட்டுக்கான தரநிலை 2016-இல் வெளியானது. நாட்டிங்ஹாம் மரணத்திலிருந்து எண்ணினால் பதினைந்து ஆண்டுகள்.

இ.என்.ஃபிட்டின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. வடிவமைப்பில் ஈடுபடுவோர் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சிரைக்குழாயில் எவ்வகையிலும் செருக முடியாதபடி ஆக்குவதற்காக, சிரிஞ்சின் நுனியை, இன்னொன்றுக்குள் நுழையும் வகையிலிருந்து இன்னொன்றைத் தனக்குள் ஏற்கும் வகையாக மாற்றினார்கள். பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் சிரிஞ்சு நுனியின் உட்குழிவில் கொஞ்சம் மருந்து தேங்கியது. பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. அரை மில்லி மருந்து குடிக்க வேண்டிய குறைமாதக் குழந்தைக்கு அந்தத் தேக்கம் கணிசமான கூடுதல். ஆகவே சிறு அளவுகளுக்கென்று, நடுவில் ஒரு மெல்லிய தண்டை நிறுத்தித் தேக்கத்தைக் குறைத்த தனி நுனியை மீண்டும் வடிவமைக்க வேண்டியதாயிற்று.

கதீட்டர்களின் பக்கம் வந்தால், அளவைக் குறிக்கும் முறையே குழப்பமானது. சிரையில் போடும் ஊசிக்குழாயை, நம் மருத்துவமனைகளில் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் வென்ஃப்ளான் என்றே சொல்கிறோம். அதன் கேஜ் எண் குறையக் குறையக் குழாய் பெரிதாகும். பாரிஸில் கருவி செய்த ஷாரியேரின் முறைப்படி அளக்கப்படும் சிறுநீர்க் கதீட்டரில் எண் கூடக் கூடக் குழாய் பெரிதாகும். அங்கே ஓர் எண் என்பது வெளிவிட்டத்தில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஒரே கைவண்டியில் இருக்கும் இரு குழாய்களுக்கு எதிரெதிர் அளவுமுறை. நல்லவேளையாக வென்ஃப்ளானுக்கு நிறங்கள் தரப்படுத்தப்பட்டுவிட்டன. பச்சை என்றால் 18, பிங்க் என்றால் 20, நீலம் என்றால் 22, மஞ்சள் என்றால் 24. எண்ணைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்லியே வார்டில் வேலை நடக்கிறது.

கதீட்டரை உடலுக்குள் கொண்டுபோகும் வழியில் ஏற்பட்ட பெரிய மாற்றம் 1953-இல் ஸ்வீடனின் கதிரியக்க மருத்துவர் ஸ்வென்-இவார் செல்டிங்கர் வெளியிட்ட முறை. அதுவரை, தமனிக்குள் ஒரு குழாயை நுழைக்க வேண்டுமானால் அந்தக் குழாயைவிடப் பருத்த ஊசியால் துளைக்க வேண்டும், அல்லது தோலை அறுத்துத் தமனியை வெளிப்படுத்த வேண்டும். செல்டிங்கர் செய்தது இதுதான்: மெல்லிய ஊசியால் குத்து, ஊசிக்குள் வளையும் கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பியின்மேல் கதீட்டரைக் கோத்து உள்ளே தள்ளு, கம்பியை உருவு. ஊசியின் துவாரத்துக்குள் அடங்க வேண்டியது கம்பி மட்டுமே. கதீட்டர் ஊசியைவிடப் பெரிதாக இருக்கலாம். இதில் புதிய பொருள் ஒன்றுமே இல்லை. ஊசி, கம்பி, பாலித்தீன் குழாய் மூன்றும் அவர் கையில் முன்பே இருந்தவை. வரிசைதான் புதிது. முனைவர் பட்டத்துக்கு இது போதாது என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். இன்று ஆஞ்சியோகிராம் செய்யும் ஒவ்வொரு அறையிலும் அந்த வரிசைதான் நடக்கிறது.

குழாயின் நுனியில் பலூன் வந்ததையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அமெரிக்காவின் தாமஸ் ஃபோகார்ட்டி, 1960-களின் தொடக்கத்தில், கால் தமனியை அடைத்த இரத்தக்கட்டியை இழுத்தெடுக்கக் கதீட்டரின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல்நுனியைக் கட்டினார். பசை பிடிக்கவில்லை, மீன் தூண்டிலில் இறகுப்பூச்சி கட்டும் முடிச்சு அவருக்குத் தெரிந்திருந்ததால் நூலால் கட்டினார். கட்டிக்கு அப்பால் சுருங்கிய நிலையில் நுழைத்து, ஊதி, மெல்ல இழுத்தால் கட்டி முன்னால் வரும். அந்த வேலைக்கு மென்மையான ரப்பர் பலூன் சரி. இழுத்து வரும் வழியில் தமனியின் அளவுக்கேற்ப வளைந்து கொடுக்கும்.

ஆனால் தமனிச்சுவரில் படிந்த கொழுப்பை நசுக்க வேண்டுமானால் அதே மென்மை குறையாகிவிடுகிறது. ரப்பர் பலூன் எளிதான வழியைத் தேடும். கடினமான அடைப்பில் இறுகி நின்று, அதற்கு இருபுறமும் உள்ள நல்ல தமனியைப் புடைக்க வைக்கும். சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் தன் வீட்டுச் சமையலறை மேசையில் மாதக்கணக்காக உழைத்தது இந்தப் புள்ளியில்தான். எவ்வளவு அழுத்தினாலும் குறித்த விட்டத்தைத் தாண்டாத, நீள்உருளை வடிவப் பலூன் அவருக்குத் தேவைப்பட்டது; அது பி.வி.சி. பிளாஸ்டிக்கில் கிடைத்தது. 1974-இல் கால் தமனியிலும், 1977 செப்டம்பர் 16 அன்று விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனியிலும் அதைப் பயன்படுத்தினார். அவரிடம் பயிற்சி பெற்றுச் சென்னையில் பணியாற்றிய டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் இந்தியாவின் முதல் இதயத் தமனி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். பின்னால் பெட் என்ற பிளாஸ்டிக்கிலும் நைலானிலும் செய்த பலூன்களும், வழுக்கும் பூச்சுகளும், ஸ்டென்டுகளும் வந்தன. ஆனால் விரிய மறுக்கும் பலூன் என்ற அந்த ஒரு குணம் இல்லாமல் அவற்றில் எதுவும் இல்லை.

குழாய் சதையைத் தொடும் இடம்தான் இன்னும் முழுதாகப் பிடிபடாத இடம். நீண்ட காலம் உடலில் இருக்க வேண்டிய குழாய்களுக்கு, அமெரிக்காவின் சியாட்டிலில் 1960-களிலும் 70-களிலும் ஒரு நல்ல விடை கிடைத்தது. வயிற்று டயாலிசிஸுக்கான டெங்க்காஃப் கதீட்டரிலும், மைய சிரைக்கான புரோவியாக், ஹிக்மன் கதீட்டர்களிலும், தோலுக்கடியில் இருக்கும் பகுதியைச் சுற்றி டேக்ரான் என்ற செயற்கை இழைத் துணியால் ஒரு பட்டை வைத்தார்கள். சில வாரங்களில் திசு அந்தத் துணியின் இழைகளுக்குள் வளர்ந்து, குழாயைப் பிடித்துக்கொள்வதோடு வெளிக்கிருமி குழாயின் ஓரமாக ஊர்ந்து உள்ளே போகும் பாதையையும் அடைத்துவிடும். உடலே வாயிலை மூடிக்கொள்ள ஒரு சாக்கு கொடுத்ததுபோல.

சிறுநீர்ப்பையில் இப்படி ஒரு விடை கிடைக்கவில்லை. நுனியில் பலூனை ஊதிச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே நிறுத்தி வைக்கும் கதீட்டரை 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஃபிரெடெரிக் ஃபோலி உருவாக்கினார். காப்புரிமை வழக்கில் அது வேறொருவருக்குப் போனாலும் பெயர் ஃபோலிக்கே நிலைத்தது. அதற்கு முன் பெரும்பாலும் குழாயை ஒட்டியோ கட்டியோ நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 விழுக்காடு நோயாளிகளின் சிறுநீரில் புதிதாகக் கிருமி குடியேறுகிறது. அது குழாயின் சுவரில் வழவழப்பான படலமாகப் படிந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக்குக்கு எளிதில் அசையாது. வெள்ளி பூசிய கதீட்டர் இதைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. பிரிட்டனில் 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வில், குறுகிய காலப் பயன்பாட்டில் அந்தப் பூச்சு அறிகுறியுள்ள தொற்றைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. உண்மையில் பலன் தந்தவை வேறு: திறந்த பாட்டிலில் வடியவிட்டதை நிறுத்தி, குழாயையும் பையையும் பிரிக்காமல் மூடிய அமைப்பாக்கியது, இந்த நோயாளிக்குக் கதீட்டர் இன்னும் தேவையா என்று தினமும் கேட்கும் ஒரு நினைவூட்டல். அந்த நினைவூட்டல் மட்டுமே தொற்றை ஏறத்தாழ பாதியாகக் குறைத்ததாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது.

குழாயின் உருவம் பெரிதாக மாறவில்லை. சிறுநீர் உள்ளே நுழையும் கண்கள் இன்றும் பலூனுக்கு மேலேதான் இருக்கின்றன. பலூன் சிறுநீர்ப்பையின் அடியில், கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கண்களின் மட்டத்துக்குக் கீழே, பலூனைச் சுற்றிக் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் வடியாமல் நிற்கிறது. கிருமி அங்கே வளர்கிறது. கண்ணைப் பலூனுக்குக் கீழே கொண்டுவரும் முயற்சிகள் அவ்வப்போது நடக்கின்றன. வார்டில் இன்று இரவு போடப்படும் கதீட்டரில் அது மேலேயே இருக்கும்.